முத்துக்கருப்பன் ஸ்ட்ரக்

நாரணாபுரம்,
3-3-1959

அன்புள்ள அண்ணனுக்கு,

பாக்கியவதி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் உறையைப் பிரித்திருந்தால் மேலே படியுங்கள். அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு நமக்குள் போக்குவரத்து இல்லை. ஜேசுதாசனைக் கட்டிக்கொள்ள மாட்டேன், நர்சு வேலைக்குத்தான் போவேன் என்று நான் சொன்னதும், அதற்கு நீங்கள் சபைக்கு முன்னால் சொன்னதும் இரண்டு பேருக்கும் மறந்திருக்காது. அதைப் பேச இப்போது எழுதவில்லை.

எனக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரிய வேண்டும். ஸ்ட்ரைக். இறந்த காலத்தில் ஸ்ட்ரக். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். "அடித்தான் என்று அர்த்தம்" என்றார். கம்பவுண்டர், "தீக்குச்சியக் கிழிச்சான்" என்றார். எதிரே டீக்கடைக்காரரிடம் கேட்டால், "வேலைக்குப் போகாம நிக்கிறது சிஸ்டர், இது தெரியாதா?" என்று சிரிக்கிறார்.

மூன்று பேருக்கு மூன்று அர்த்தம். நீங்கள் ஆறாம் பாரத்துக்கு இங்கிலீஷ் எடுப்பவர். எது சரி, எது தவறு என்று உங்களுக்குத்தான் தெரியும். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒரு மனுஷனுடைய உயிர் இதில் இருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

மைனிக்கு என் அன்பு.

பாக்கியவதி

●

விருதுநகர்,
7-3-1959

தங்கை பாக்கியத்துக்கு,

உறையைப் பார்த்து உன் மைனி அழுதாள். நான் அழவில்லை. ஆனால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனேன். இத்தனை காலம் கழித்து எழுதுகிறவள் "சுகமா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை. போகட்டும். உனக்கு அண்ணன் வேண்டியதில்லை, அகராதிதான் வேண்டும். அகராதியாகவே பதில் சொல்கிறேன்.

உன் மூன்று பேரும் சொன்னது சரி. நம் 'அடி' என்ற வினையை நினைத்துப் பார். மணி அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், சிவகாசியில் காலண்டர் அடிக்கிறார்கள். எல்லாம் ஒரே அடிதானா? ஸ்ட்ரைக்கும் அந்த மாதிரிதான். கடிகாரம் ஸ்ட்ரைக் செய்யும். இடி ஸ்ட்ரைக் செய்யும். ஒரு யோசனை மனசில் ஸ்ட்ரைக் செய்யும். கொடியை இறக்கினாலும் ஸ்ட்ரைக், கூடாரத்தைப் பிரித்தாலும் ஸ்ட்ரைக், நாணயம் அச்சடித்தாலும் ஸ்ட்ரைக்.

வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பெயர் வந்த கதை ரசமானது. சுமார் இருநூறு வருஷத்துக்கு முன்பு லண்டன் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் கூலித் தகராறில் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாயை இறக்குவதற்கு ஸ்ட்ரைக் என்று பெயர். பாய் இறங்கினால் கப்பல் நகராது. அதிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பதெல்லாம் ஸ்ட்ரைக் ஆயிற்று.

இவற்றுக்கெல்லாம் ஆதியில் அந்தச் சொல் என்னவாக இருந்தது தெரியுமா? மெல்லத் தடவுவது. ஒரு பரப்பின் மேல் கையை லேசாக ஓட்டுவது. அதன் கூடப்பிறந்த சொல்லாகிய ஸ்ட்ரோக் இன்றைக்கும் பூனையைத் தடவிக்கொடுக்கப் பயன்படுகிறது. தடவல் உரசலாகி, உரசல் அடியாகிவிட்டது. ஜெர்மன்காரன் தீக்குச்சியை இன்றும் 'உரசுகுச்சி' என்றே சொல்கிறான்.

இது போதுமா? யாருடைய உயிர்? உனக்கு ஒன்றும் இல்லையே?

சுந்தர்ராஜ்

●

நாரணாபுரம்,
11-3-1959

அண்ணனுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. சுகமா என்று கேட்காதது தப்புதான். கேட்கும் நிலையில் நான் இல்லை.

ஊருக்கு வெளியே ஒரு தீப்பெட்டிக் கம்பெனி இருக்கிறது. வேலை நடக்கும்போது கொட்டகைக் கதவை வெளியே பூட்டுவார்கள். பெண்கள் தண்ணீர் குடிக்கவும் ஒதுங்கவும் போய் நேரத்தைப் போக்குகிறார்களாம், அதற்காக. பூட்டக்கூடாது என்று கேட்டுப் பொங்கலுக்குப் பிறகு ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். முன்னால் நின்றவர் முத்துக்கருப்பன். மருந்து கலக்குகிற வேலை, நாற்பது வயதுக்காரர், பிள்ளைக்குட்டிக்காரர்.

கம்பெனி ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து வேனில் பெண்களைக் கொண்டுவந்து இறக்கியது. பாதிப் பேருக்கு இந்த வேலையே புதிது. அவர்களோடு உள்ளூர்ப் பெண் ஒருத்தியும் சேர்ந்து உள்ளே போனாள். செல்லத்தாய். முத்துக்கருப்பனின் சம்சாரம் வீரலட்சுமியின் கூடப்பிறந்த தங்கச்சி. புருஷன் விட்டுவிட்டுப் போனவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். அவள் போகாமல் என்ன செய்வாள்?

முத்துக்கருப்பன் கொட்டகையின் பின் சன்னலுக்குப் போய், "வெளிய வா தாயி" என்று கொழுந்தியாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் தீப்பிடித்தது. மருந்து முக்கி மரச்சட்டத்தில் அடுக்கிக் காயவைத்த குச்சிகளைப் பிரிக்கும்போது யாரோ முரட்டுத்தனமாக இழுத்திருக்கிறார்கள். கதவு பூட்டியிருந்தது. அவர் சன்னல் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து உள்ளங்கை வெந்துபோயிற்று. சன்னலண்டை அவர் நின்றதைக் காவல்காரன் பார்த்திருக்கிறான். கை வெந்திருக்கிறது. போலீசுக்கு அது போதாதா?

மூன்று பெண்கள் செத்தார்கள். செல்லத்தாய் மட்டும் சாயங்காலம் வரை எங்கள் வார்டில் உயிரோடு இருந்தாள். சப்-மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் எழுத வந்தார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். பக்கத்தில் நான்தான் நின்றேன்.

"என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டார்.

"மச்சான் ஸ்டிரைக் பண்ணுனாக. நாங்க உள்ள போயிட்டோம். தீ வந்துருச்சு" என்றாள்.

"மச்சான்னா யாரு?"

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்தாள். "முத்துக்கருப்பன்" என்று நான்தான் சொன்னேன். அண்ணா, அந்தப் பெயரைச் சொன்ன வாய் என் வாய்.

அவர் தமிழில் எழுதவில்லை. நேரே இங்கிலீஷில் எழுதினார். அவள் கைவிரல்கள் வெந்துபோயிருந்ததால் கால் பெருவிரலில் மை தடவி ஒற்றினார்கள். எழுதியிருப்பது இதுதான்: 'முத்துக்கருப்பன் ஸ்ட்ரக். வீ வேர் இன்சைட். தென் தேர் வாஸ் ஃபயர்.'

இப்போது அவர் தீக்குச்சியைக் கிழித்து உள்ளே போட்டார் என்று கொலைக்கேசு. மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போய்விட்டார். அவள் பேசிய தமிழ் ஞாபகமில்லை, சொன்னதைத்தான் எழுதினேன் என்கிறாராம். அதைக் கேட்ட இன்னொரு ஆள் நான் ஒருத்திதான்.

பாக்கியம்

●

விருதுநகர்,
16-3-1959

அன்புள்ள பாக்கியம்,

பெயரைச் சொன்னதில் உன் தப்பு ஒன்றுமில்லை. கேட்டார், சொன்னாய்.

அந்த முதல் வாக்கியத்தைப் பார். 'முத்துக்கருப்பன் ஸ்ட்ரக்.' அதோடு நின்றுவிடுகிறது. தீக்குச்சியைக் கிழித்தான் என்றால் 'ஸ்ட்ரக் எ மேட்ச்' என்று எழுத வேண்டும். செயப்படுபொருள் இல்லாமல் அந்த வினை வந்தால் வேலையை நிறுத்தினான் என்று பொருள்கொள்ள முழு இடமுண்டு. இதை மறுக்க முடியாது. மூன்றாம் பாரத்துப் பையனுக்கும் விளங்கும் இலக்கணம்.

ஆனால் உன்னிடம் ஒன்றை மறைக்கக்கூடாது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டெண்ட் அந்தக் கம்பெனி முதலாளிக்கு மைத்துனர் முறை. நேற்றைக்கே கூப்பிட்டு, "ஒங்க தங்கச்சி நாரணாபுரத்துல தான இருக்காக? நல்ல வேலை, நல்லபடியாப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

அதனால் முத்துக்கருப்பனின் வக்கீலுக்கு இந்தச் சொல்லைப் பற்றி விரிவாக ஒரு குறிப்பு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயர் போடவில்லை. அவர் அதை வைத்து வாதாடட்டும்.

உன் மைனி உன்னை ஒருமுறை வந்துபோகச் சொல்கிறாள்.

அண்ணன்

●

நாரணாபுரம்,
2-4-1959

அண்ணனுக்கு,

குறிப்பை வக்கீல் உக்கிரபாண்டியிடம் கொடுத்தேன். சின்ன வயது, இதுதான் அவருக்கு முதல் கொலைக்கேசு. படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதை எழுதினவுக யாரு சிஸ்டர்? அவுக கூண்டுல ஏறி இத அப்பிடியே சொன்னாப் போதும். கேசு முடிஞ்சிரும்" என்றார். பெயரில்லாத காகிதம் கூண்டில் ஏறுமா அண்ணா?

எனக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. இதுவரை அவர் கதவைப் பற்றித்தான் கேட்கப்போவதாக இருந்தார். பூட்டினது யார், சாவி யாரிடம் இருந்தது, திறக்க ஏன் அத்தனை நேரமாயிற்று என்று. இப்போது கதவை விட்டுவிட்டார். எந்நேரமும் பாய், கப்பல், வினை, செயப்படுபொருள். "கதவு பெரிய இடத்து விவகாரம், இது சுத்தமான பாயிண்டு" என்கிறார். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அந்தப் பெண்களைக் கொன்றது கதவு என்று தெரியும்.

வீரலட்சுமி சாயங்காலமானால் ஆஸ்பத்திரிக்கு வந்து என் முன்னால் நிற்கிறாள். ஜெயிலில் புருஷன், சுடுகாட்டில் தங்கச்சி. தன் பிள்ளையோடு தங்கச்சி பிள்ளைகளும் அவள் தலையில். "சிஸ்டர், எந் தங்கச்சி கடேசியா என்ன சொல்லுச்சு? நெசமா அவுக பேரச் சொல்லுச்சா?" என்று கேட்கிறாள். ஸ்டிரைக் பண்ணினார் என்றுதான் சொன்னாள் என்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள். அடுத்த நாளும் வந்து அதையே கேட்கிறாள். ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கோர்ட்டில் படித்தவர்கள் சொல்வதைக் கேட்டால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

உங்களுக்குக் கரஸ்பாண்டெண்ட் பயம் இருக்கும். எனக்கும் டாக்டர் பயம் இருக்கிறது. நான் கூண்டில் ஏறப் போகிறேன். நீங்கள் உங்கள் இஷ்டம்.

பாக்கியம்

●

விருதுநகர்,
19-7-1959

பாக்கியத்துக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாயிற்று. ஐந்தாறு கடிதங்கள் எழுதிக் கிழித்தேன்.

சம்மன் வாங்கிக்கொண்டேன். வருகிறேன். கரஸ்பாண்டெண்டிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத்தான போறீக, போங்க. உண்மையச் சொல்லுங்க, அது போதும்" என்றார். வேலை போனால் உன் மைனியின் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துகொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயத்தோடு ஒரு சந்தோஷமும் இருக்கிறது. இத்தனை வருஷமாக இந்தச் சொற்களைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். பையன்கள் கொட்டாவி விடுவார்கள். ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். முதல் தடவையாக ஒரு மனிதனுக்கு அது உதவப் போகிறது.

கோர்ட்டில் சந்திப்போம். பழையதை அங்கே பேச வேண்டாம்.

அண்ணன்

●

நாரணாபுரம்,
30-9-1959

அண்ணனுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. முத்துக்கருப்பனுக்கு ஆயுள்.

நான் சாட்சி சொல்லி முடித்ததும் டாக்டர் கட்டளைப்படி உடனே பஸ் ஏற வேண்டியிருந்தது. நீங்கள் வராந்தாவில் வெள்ளைக் கோட்டோடு நின்றதைப் பார்த்தேன். பேச நேரமில்லை. நான் சொன்னதை ஜட்ஜு நம்பவில்லை. பெயரைச் சொன்னதாக நானே ஒத்துக்கொண்டதால், குற்றவாளிக்கு இப்போது பரிந்து பேசுகிறேன் என்று எழுதியிருக்கிறார். அது போகட்டும்.

உள்ளே நீங்கள் என்ன சொன்னீர்கள்?

வீரலட்சுமி கடைசி வரை உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். திரும்பி வந்தவள் நேரே என்னிடம் வந்தாள். அழவில்லை. "ஒங்க அண்ணனே சொல்லிட்டாகளே சிஸ்டர், உரசுறதுதான்னு" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ஜெயிலுக்குப் போய்ப் புருஷனைப் பார்ப்பதும் இல்லை. தாலிக் கயிற்றைக் கழற்றிவிட்டாள் என்று சொல்கிறார்கள்.

என்ன சொன்னீர்கள் அண்ணா? வக்கீல் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பாக்கியம்

●

விருதுநகர்,
5-10-1959

பாக்கியம்,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உக்கிரபாண்டி கேட்டதற்கெல்லாம் நன்றாகவே சொன்னேன். செயப்படுபொருள் இல்லை என்றேன். வேலைநிறுத்தம் என்று பொருள்கொள்ளலாம் என்றேன். கப்பல்காரர் கதையைச் சொன்னபோது ஜட்ஜு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கு எவ்வளவு தைரியம் வந்தது தெரியுமா? கூண்டில் நிற்கிற நினைப்பே போய்விட்டது.

பிறகு அரசாங்க வக்கீல் எழுந்தார். வயசானவர், மரியாதையானவர். சண்டை போடவில்லை. "சார் ரொம்ப அழகாச் சொன்னீங்க. எங்களுக்குக் கொடுத்து வைக்கணும்" என்றார். "வேலைநிறுத்தம்ங்கிறது இருநூறு வருஷத்து அர்த்தம்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி? அந்தச் சொல்லோட ஆதிப்பொருள் என்ன?"

யாருமே என்னிடம் அதைக் கேட்டதில்லை பாக்கியம். நீகூடக் கேட்கவில்லை, உனக்கு நானாகத்தான் எழுதினேன். "தடவுவது, உரசுவது" என்றேன்.

"உரசுவதா?"

"ஆமாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு அதுதான். ஜெர்மன் மொழியில் தீக்குச்சிக்கே உரசுகுச்சி என்றுதான் பெயர்."

அதை அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் ஜட்ஜு பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் இங்கிலீஷில், "ஆக, எதிர்த்தரப்புச் சாட்சியே சொல்கிறபடி, அந்தச் சொல்லின் மூலப்பொருள் உரசுவது. இடம் தீப்பெட்டிக் கொட்டகை. அடுத்த வாக்கியம் தீ. வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னார். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். அவள்தான் வீரலட்சுமியாக இருக்க வேண்டும்.

ஆதிப்பொருள் வேறு, வழக்குப்பொருள் வேறு என்று கத்த வேண்டும் போலிருந்தது. "இறங்கலாம்" என்றார்கள். இறங்கிவிட்டேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

சுந்தர்ராஜ்

●

நாரணாபுரம்,
12-10-1959

அண்ணனுக்கு,

பொய்யில்லைதான். யார் பொய் என்று சொன்னது?

கேசு நடந்த அத்தனை நாளும் கோர்ட்டில் ஒருவர்கூடக் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. நான் கூண்டில் நின்றபோது நானாகவே "கதவு பூட்டியிருந்தது ஐயா" என்றேன். "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்" என்றார்கள். கம்பெனியில் கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டுவிட்டார்கள். கதவுக்குப் புதுப் பூட்டும் வந்துவிட்டது. ஸ்டிரைக் பண்ணினவர்களில் பாதிப் பேர் மறுபடி உள்ளே போய்விட்டார்கள்.

கொஞ்ச காலம் எனக்கு எழுத வேண்டாம். படித்தால் கோபம் வருகிறது. உங்கள் மேல் மட்டுமில்லை.

பாக்கியவதி

●

விருதுநகர்,
14-6-1960

அன்புள்ள பாக்கியம்,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுத வேண்டியிருக்கிறது. வெளியே யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்ளக்கூடாது.

கரஸ்பாண்டெண்ட் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கம்பெனி முதலாளியும் இருந்தார். காப்பி கொடுத்தார்கள். "கோர்ட்டுல நீங்க பேசுனத ஊரே மெச்சுது. பயப்படாம நெசத்தச் சொன்னீக" என்று முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வருஷத்திலிருந்து என்னைத் தலைமையாசிரியராகப் போடப்போவதாகக் கரஸ்பாண்டெண்ட் சொன்னார். வேலை போய்விடும் என்று பயந்து பயந்து போனேனே, எனக்குக் கிடைத்தது இது. அந்தக் காப்பியை நான் குடித்து முடித்தேன் பாக்கியம். டம்ளரைக் கீழே வைக்கத் தைரியம் வரவில்லை.

உடம்பு சரியில்லை என்று சொல்லி அந்த வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மைக் காரணத்தை எழுதவில்லை. உன் மைனி மட்டும் அறிவாள்.

மேல்கோர்ட்டில் அப்பீல் போட்டிருப்பதாக உக்கிரபாண்டி சொன்னார். என்னால் ஆனதைச் செய்கிறேன் என்றேன். "நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாப் போதும் சார்" என்றார். வைவதுபோல் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்.

அண்ணன்

●

நாரணாபுரம்,
8-11-1961

அண்ணனுக்கு,

ஹைக்கோர்ட்டில் முத்துக்கருப்பனை விட்டுவிட்டார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்கும். மரண வாக்குமூலம் எழுதினபோது அவளுக்குத் தெளிவு இருந்தது என்று டாக்டர் சான்று வாங்கவில்லை, அதனால் அது செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். அந்த வார்த்தையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையாம்.

அவர் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். மெலிந்து, தலை நரைத்து. அடையாளம் தெரியவில்லை. உள்ளங்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். விரல்கள் மடங்கவில்லை.

"சிஸ்டர், செல்லத்தாய் கடேசியா என்ன சொல்லுச்சு?" என்றார்.

சொன்னேன்.

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். பிறகு, "வீட்டுக்குப் போகணும். நீங்களும் கூட வாங்க. தனியாப் போனா அவ நம்ப மாட்டா" என்றார்.

போனோம். வீரலட்சுமி வாசலில் செல்லத்தாயின் சின்னப் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, கதவுக்கு வெளியே நின்றாள். கோர்ட்டில் விட்டுவிட்டார்கள், அவர் மேல் தப்பில்லை என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டாள்.

"அன்னைக்குக் கோர்ட்டுல படிச்சவுக ஒண்ணு சொன்னாக. இன்னைக்குப் படிச்சவுக வேற சொல்றாக. நாளைக்கு மறுபடி மாத்துவாக. நான் எதைன்னு நம்ப?" என்றாள். "இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லி வளத்துருக்கேன் தெரியுமா சிஸ்டர்? ஒங்காத்தாளக் கொன்னவுக ஜெயில்ல இருக்காகன்னு சொல்லிருக்கேன். இப்ப அவுக வந்து இங்கன சோறு திங்கவா?"

உள்ளேயிருந்து அவருடைய மகள் முத்துப்பேச்சி சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அவர் ஜெயிலுக்குப் போகும்போது ஐந்து வயசுப் பிள்ளை, இப்போது வளர்ந்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அந்தக் கையைப் பார்த்ததும் அவள் பயந்து மறைந்துகொண்டாள்.

அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை.

உங்களிடம்தான் இதைச் சொல்ல முடிகிறது. வேறு யாருக்குப் புரியும்?

பாக்கியம்

●

விருதுநகர்,
20-7-1962

அன்புள்ள பாக்கியம்,

முத்துக்கருப்பன் இங்கேதான் இருக்கிறார். பருத்திக் கிட்டங்கி ஒன்றில் லோடு ஏற்றுகிறார். மடங்காத கையால் மூட்டையைப் பிடிக்க முடியாது, முழங்கையால் அணைத்துத் தூக்குகிறார். பள்ளிக்கூடத்துக்கு நான் போகிற வழிதான். மாதக்கணக்காக எதிர்ப்பக்கமாய் நடந்து போனேன். போன வாரம் அவரே ரோட்டைக் கடந்து வந்து, "சார்வாள்" என்று கூப்பிட்டார்.

வைவார் என்று நின்றேன். "எம் மகளுக்கு ஒரு கடுதாசி எழுதணும். அவ வாசிப்பா, மூணாங்கிளாசு. எனக்குக் கை வராது. நான் சொல்றத அப்பிடியே எழுதுவீகளா?" என்றார். அவருக்கு வேறு எழுதத் தெரிந்த ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மூட்டையின் மேல் உட்கார்ந்து எழுதினேன். முதல் வரியிலேயே 'அப்பா எழுதுறது' என்று அவர் சொன்னதை 'எழுதிக்கொள்வது' என்று என் பேனா மாற்றப் பார்த்தது. அடித்துவிட்டு அவர் சொன்னதைப் போட்டேன். முடித்ததும் வாசிக்கச் சொன்னார். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். "சரியா இருக்கு" என்றார். அது இது:

'முத்துப்பேச்சிக்கு அப்பா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். இங்கன ஒரு கடையில சோறு திங்கேன். நீ பள்ளிக்கூடத்த விட்டுராத. ஆத்தா தீப்பெட்டி ஆபீசுக்கு வான்னாலும் போகாத. சித்தி பிள்ளைகள அடிக்காத. நான் வீட்டுக்கு வரல. ஆத்தா வரவேண்டாம்னுட்டா, அதான் வரல. வேற ஒண்ணும் இல்ல. எங் கையப் பாத்துப் பயப்படாத. அது கம்பி சுட்டது.'

தபாலில் போட்டால் வீரலட்சுமி கையில் கிடைக்கும். அவர் சம்மதத்தோடு உனக்கு அனுப்புகிறேன். பிள்ளையிடம் நீயே சேர்த்துவிடு. பதில் ஏதாவது சொன்னால் எழுது. அவர் தினமும் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்துக்குக் கிட்டங்கி வாசலில் நின்று என்னைப் பார்க்கிறார். கேட்பதில்லை. பார்க்கிறார்.

அண்ணன்

●

நாரணாபுரம்,
2-8-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

பள்ளிக்கூடத்தில் போய் விசாரித்தேன். முத்துப்பேச்சி ஜூனிலேயே நின்றுவிட்டாள் என்றார்கள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீரலட்சுமியால் முடியவில்லை. தாயும் மகளும் அதே கம்பெனிக்குத்தான் போகிறார்கள். பிள்ளைக்குச் சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. சின்ன விரல்களுக்கு அது வேகமாக வருமாம்.

இன்று காலையில் வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். வீரலட்சுமி முன்னாலேயே போயிருந்தாள். பிள்ளை தூக்குவாளியோடு மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே நின்றாள். தனியே கூப்பிட்டு, "உங்கப்பா கடிதம் எழுதியிருக்காங்க" என்று நீட்டினேன். பசையும் மருந்தும் ஊறிக் கை கறுத்துப்போயிருந்தது, பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வாசிக்க ஆரம்பித்து, பாதியில் என்னிடமே கொடுத்து, "நீங்க வாசிங்க சிஸ்டர்" என்றாள்.

வாசித்தேன். 'ஆபீசுக்குப் போகாத' என்ற இடத்தில் குனிந்துகொண்டாள். முடிந்ததும், "கம்பி சுட்டதா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா, உங்க சித்தியை வெளியே இழுக்கப் பார்த்தாங்க. அப்போ சுட்டது" என்றேன். வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"அப்பாவுக்குப் பதில் சொல்லணுமா?" என்றேன்.

ஓடுகிற பிள்ளை திரும்பி நின்று, "நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு எழுதிருங்க சிஸ்டர்" என்றாள். ஏறிவிட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அவரிடம் எதைச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை அண்ணா.

உங்கள் தங்கை,
பாக்கியம்